எத்தனை ஓம்?

முறிகண்டியில் வான் நின்றபோதுதான் பியூஸ் போனது தெரிந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஆளுக்கொரு சரை கச்சானோடு வந்து ஏறினால் பாட்டு இல்லை. "பாட்டு இல்லாமல் என்ன பற்ச் ரிப்" எண்டு பின் சீற்றில் இருந்து கூச்சல். சாரதி சீற்றில் இருக்க வேண்டிய அங்கிள் தேத்தண்ணிக் கடையில் நின்றார். நாங்கள் அம்பைத் திறந்து பார்த்தோம். அதில் சொருகியிருந்த இரண்டு பியூசும் எரிந்திருந்தன. கையில் வேறு பியூஸ் இல்லை.

அடுத்ததாக நடந்ததை எங்களில் ஒருவன் மட்டும் செய்தான் எண்டு சொல்லித் தப்ப முடியாது. ஒருவன் சிகரெட் பெட்டிக்குள் இருந்த வெள்ளித்தாளை எடுத்தான். ஒருத்தி ஃபோன் வெளிச்சம் பிடித்தாள். இன்னொருவன் தாளை உருட்டிக் கொடுத்தான். மற்றவர்கள் அங்கிள் வாறாரோ எண்டு பார்த்துக்கொண்டு நின்றோம். பியூஸ் இருந்த இடத்தில் வெள்ளித்தாள் போனது. பாட்டு வந்தது. கை தட்டினோம்.

மாங்குளம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மணம் வந்தது. முதலில் வெளியில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் எண்டு நினைத்தோம். கடைசிக்கு முதல் சீற்றில் இருந்தவள் காலைத் தூக்கி, "கீழ சுடுது" எண்டாள். அடுத்த நிமிசம் கால் மற்றுக்கு அடியில் இருந்து கறுப்புப் புகை. பிறகு ஒரு பொறி. அங்கிள் வானை ஓரங்கட்டி, "எல்லாரும் இறங்குங்கோ, பைகளை விடுங்கோ" எண்டு கத்தினார். நாங்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு இறங்க, அவர் மட்டும் உள்ளே நின்று ஸ்பானரால் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றினார். எங்கட தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி மற்றில் ஊற்றினார். வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

ஒருவருக்கும் வேறு ஒன்றும் ஆகவில்லை. மற் எரிந்தது, ஒரு சீற்றின் பஞ்சு கருகியது, வானின் வயரிங்கில் ஒரு பகுதி உருகியது. திருகோணமலை போகவில்லை. ஏ9 வீதியில் ஒரு மரத்துக்குக் கீழே பதினொரு பேர் பேசாமல் இருந்தோம். அங்கிள் அம்பைத் திறந்து வெள்ளித்தாளைக் கண்டார். எடுத்து நீட்டிக் காட்டி, "இது ஆர் வைச்சது?" எண்டு கேட்டார்.

"நாங்கள்தான் அங்கிள்."

"நாங்கள் எண்டால் ஆர்?"

அதுக்கு நாங்கள் இண்டைக்கு வரைக்கும் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையையும் "நாங்கள்" எண்டுதான் எழுதுகிறோம். ஒரு ஆளின் தலையில் கட்டக்கூடிய பிழை அல்ல அது. முறிகண்டியில் தொடங்கியதும் அல்ல. அதற்கு இரண்டு கிழமைக்கு முதலே, ஒரு கடை வாசலில் நின்று, பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணை வாசித்து வாயைப் பிளந்தோமே, அங்கே தொடங்கியது.

*

வான் எங்கட நண்பன் ஒருவனின் அப்பாவுடையது. பழைய டொல்பின். அவனை நாங்கள் வான்காரன் எண்டுதான் கூப்பிடுவோம். அந்த வான்தான் அந்த வீட்டின் அடுப்பு. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிழமைக் கடைசியில் கலியாண ஹயர், கோயில் ஹயர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வான்களுக்கே விலை ஏறிவிட்டது. பிறகு திறந்துவிட்டாலும், வரியோடு சேர்ந்து வருகிற விலை எங்கட ஆட்களுக்கு எட்டாது. அதாவது, அந்த வான் எரிந்திருந்தால் இன்னொரு வான் இல்லை.

இப்போது ஹயருக்குக் கேட்கிற பெடியள் முதல் கேட்பது ஏசி இருக்கோ எண்டு. இரண்டாவது, "செற் எப்பிடி, சப் இருக்கோ?" இல்லை எண்டால் அடுத்த வானுக்கு ஃபோன் போகும். பற்ச் ரிப் வந்ததும் நாங்கள் காசு சேர்த்து அங்கிளின் வானுக்கு ஒரு சப்வூபரும் அம்பும் வாங்கிப் பூட்டுவது எண்டு முடிவெடுத்தோம். ரிப்புக்கு எங்களுக்குப் பாட்டு, பிறகு வானுக்கு ஹயர். நல்ல நோக்கம்தான்.

பழைய சாமான் விற்கிற கடையில் 18,000 ரூபாய்க்கு 12 அங்குலச் சப், 15,000 ரூபாய்க்கு அம்ப். அம்பின் தலையில் பெரிய எழுத்தில் "1200 வாற்". சப்பில் "1000 வாற்". "இரண்டும் செற் ஆகுமோ?" எண்டு கேட்டோம். "எல்லாத்துக்கும் செற் ஆகும்" எண்டார் கடைக்காரர். 1200 பெரிசு, 1000 சின்னன், கொஞ்சம் மெல்ல வைத்துக் கேட்டால் சரி எண்டு நாங்களே கணக்கும் போட்டுக்கொண்டோம். பூட்டுக்கூலி மிச்சம் பிடிக்க யூரியூப் பார்த்து நாங்களே பூட்டினோம். அங்கிளிடம் மட்டும், கடையில் பூட்டித் தந்தது எண்டு சொன்னோம்.

அந்தப் பொய்தான் பிறகு அவரை நேரே பார்க்க விடவில்லை. பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அவ்வளவு தூரமும் அவர் நம்பி ஓடியது எங்கட பொய்யை.

*

திருத்த வேலை 62,000 ரூபாய் முடிந்தது. மூன்று மாதம் ரியூசன் சொல்லிக் கொடுத்தும், கலியாண வீட்டில் பரிமாறப் போயும் கட்டினோம். வானைத் திருத்திய வயரிங் அண்ணையின் கராஜுக்குக் காசு கொடுக்கப் போன நாட்களில்தான் நடந்தது என்ன எண்டு விளங்கத் தொடங்கியது. நாங்கள் கலைப்பீடம். ஓஎல்லோடு கணக்குக்குக் கும்பிடு போட்டவர்கள். அண்ணை சிரித்தார். "இதுக்குப் பெருக்கலும் வர்க்கமூலமும் காணும் தம்பியவை. ஃபோனிலயே கிடக்கு."

முதல் பாடம், பெட்டியில் உள்ள எண் பொய் எண்டு இல்லை, வேறு ஒன்றின் எண். கண்ணிமைக்கிற நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சத்தைத்தான் "மக்ஸ்" எண்டு பெரிதாகப் போடுவார்கள். மணிக்கணக்காகத் தாங்கிக்கொண்டு வேலை செய்யக்கூடிய வலு ஆர்.எம்.எஸ். எண்டு சின்ன எழுத்தில் எங்கேயாவது இருக்கும். எங்கட சப்பின் காந்தத்துக்குப் பின்னால் தூசியைத் துடைத்துப் பார்த்தால் ஆர்.எம்.எஸ். 300 வாற். நாங்கள் 1000 எண்டு நம்பியது 300.

அம்பில் அந்தச் சின்ன எழுத்தும் இல்லை. அண்ணை அதற்கு ஒரு வழி சொன்னார்: "பெட்டி பொய் சொல்லும், பியூஸ் சொல்லாது." எங்கட அம்பில் 20 அம்பியர் பியூஸ் இரண்டு. மொத்தம் 40 அம்பியர். எஞ்சின் ஓடும்போது வானில் ஏறத்தாழ 13.8 வோல்ற். 40 தர 13.8 எண்டால் 552 வாற். அது உள்ளே போகக்கூடியது. பழைய ஏபி வகை அம்ப் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். மிச்சம் சூடாகப் போகும். ஆக உண்மையில் 300 வாற் அளவு. புது டி வகை அம்ப் எண்டால் 80 வீதம் வரை அனுப்பும், அதே பியூசுக்கு 440 வாற் வரும். உண்மையாக 1200 வாற் தர வேண்டுமெண்டால் எங்கட அம்ப் 150 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். அந்த வானின் ஒல்ரனேற்றரே 70 அம்பியர்தான். அதில்தான் ஹெட்லைற்றும் ஏசி ஃபானும் பற்றரியும் சீவிக்க வேண்டும்.

அப்ப 300க்கு 300. பொருந்துகிறதே, பிறகு ஏன் எரிந்தது?

"எத்தனை ஓம்?" எண்டார் அண்ணை.

"ஓம்" எண்டோம். விளங்கினது போல.

"ஓம் எண்டு சொல்லாதேங்கோ. எத்தனை ஓம் எண்டு கேக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் இந்த அலகின் பெயர் ஓம் எண்டு இருப்பது பெரிய இடைஞ்சல். எல்லாக் கேள்விக்கும் நாங்கள் ஏற்கெனவே ஓம் எண்டு சொல்லிப் பழகியவர்கள். கடைக்காரர் "செற் ஆகும்" எண்டபோதும் ஓம். யூரியூப்காரர் "இப்படிக் கொழுவுங்கள்" எண்டபோதும் ஓம்.

*

அண்ணை விளக்கியதை எங்கட பாசையில் எழுதுகிறோம். மற்றக் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு உதவும்.

அம்ப் தருவது வோல்ற். அதை எவ்வளவு மின்னாக இழுப்பது எண்டு தீர்மானிப்பது ஸ்பீக்கரின் சுருள். சுருளின் தடைதான் ஓம். ஓம் குறையக் குறைய இழுவை கூடும். குழாயின் வாய் பெரிதானால் தொட்டி கெதியில் காலியாவது போல. எங்கட அம்ப், இரண்டு சனலையும் சேர்த்துப் பிறிட்ஜ் பண்ணினால் 4 ஓம் வரைக்கும்தான் தாங்கும். அது ஸ்பீக்கர் வயர் பூட்டுகிற துளைக்குப் பக்கத்தில் எழுதியே இருந்தது. நாங்கள் வாசிக்கவில்லை.

எங்கட சப்புக்குள் இரண்டு சுருள், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் சமாந்தரமாகக் கொழுவினால் 2 ஓம். தொடராகக் கொழுவினால் 8 ஓம். எப்படிக் கொழுவினாலும் 4 வராது. அந்தச் சப்பும் அந்த அம்பும் ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாத சோடி எண்டு கடையிலேயே சொல்லியிருக்கலாம். ஒரே 4 ஓம் சுருள் உள்ள சப் எண்டால் நேரே பொருந்தும். 2 ஓம் சுருள் இரண்டு உள்ளது எண்டால் தொடராகக் கொழுவ 4 வரும். நாங்கள் எடுத்ததோ 4, 4. அதைச் சமாந்தரமாகக் கொழுவினோம், சத்தம் கூட வரும் எண்டு யாரோ சொன்னதால்.

கணக்கு இப்படி. 4 ஓமில் 300 வாற் எண்டால், 300ஐயும் 4ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க 34.6 வோல்ற். அதே 34.6 வோல்ற்றை 8 ஓமுக்குக் கொடுத்தால் 150 வாற்தான் வரும், ஆபத்தில்லை. 2 ஓமுக்குக் கொடுத்தால் 600 வாற்றுக்கு இழுபடும். 300 வாற் அம்ப் அதைத் தர முடியாமல் கிடந்து தவிக்கும், சூடாகும், பியூசை உடைக்கும். முறிகண்டியில் பியூஸ் போனது பிழை இல்லை. பியூஸ் தன்ர வேலையைச் செய்தது. எங்களில் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான். அதைத்தான் தூக்கி எறிந்தோம்.

வெள்ளித்தாள் வைத்த பிறகு அடுத்த பலவீனமான இடம் எரிய வேண்டும். அது வயர். "4 கேஜ்" எண்டு தடித்த பிளாஸ்ரிக்கோடு விற்ற வயர். அண்ணை உருகிய துண்டைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசின அலுமினியம். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். அதிலும் பிளாஸ்ரிக் தடிப்பே ஒழிய உள்ளுக்குள் கம்பி கொஞ்சம். அதைச் சீற்றுக் காலுக்கு அடியால் நசுங்க விட்டிருந்தோம். சூட்டில் தோல் இளகி, கம்பி வானின் உடம்பில் முட்டியது. பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு பிரதான பியூஸ் இருந்திருந்தால் அந்த நொடியே எல்லாம் நின்றிருக்கும். அதையும் நாங்கள் பூட்டவில்லை. அம்பில்தான் பியூஸ் இருக்கே எண்டு விட்டுவிட்டோம்.

"அம்பில இருக்கிறது அம்புக்கு," எண்டார் அண்ணை. "பற்றரிக்குப் பக்கத்தில ஒண்டரை அடிக்குள்ள வைக்கிறது வயருக்கு. வயருக்குக் காவல் இல்லாட்டி வானே வெல்டிங் மெசின்தான்."

சப்பும் தப்பவில்லை. மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தால் ஒரு சுருள் 3.4 ஓம் காட்டியது, அது சரி. 4 ஓம் சுருள் மீற்றரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டுமாம். மற்றச் சுருள் ஒன்றும் காட்டவில்லை. கருகிவிட்டது. இதற்குக் காரணம் கெயின். அம்பில் இருக்கிற அந்தச் சின்னத் திருகியை நாங்கள் வொலியூம் எண்டு நினைத்து முழுக்கத் திருகி, பேஸ் பூஸ்ற்றையும் கூட்டி வைத்திருந்தோம். கெயின் வொலியூம் இல்லை. செற்றில் இருந்து வருகிற சிக்னலை அம்பின் அளவுக்குப் பொருத்துகிற சாமான். அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் அம்ப் தன்ர எல்லையில் முட்டி, அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். வளைந்து வளைந்து வர வேண்டிய அலை சதுரமாகிவிடும். ஒரே உயரமுள்ள சதுர அலை, வளைந்த அலையைவிட இரண்டு மடங்கு வலுவைக் கொண்டுபோகும். 300 வாற் அம்ப் 600 வாற் சூட்டைச் சுருளில் கொட்டும். சின்ன அம்ப் சப்பை எரிக்கும் எண்டு சொல்வார்களே, அதன் உண்மை இதுதான். சின்ன அம்பை மெல்லமாக வைத்தால் ஒன்றும் நடக்காது. சின்ன அம்பைப் பெரிய அம்ப் மாதிரிக் கத்த வைத்தால்தான் எரியும்.

*

கையில் கட்டோடு அங்கிள் ஒரு நாள் கராஜுக்கு வந்தார். நாங்கள் எழும்பி நின்றோம். வயரிங் அண்ணை நாங்கள் தாளில் போட்டிருந்த கணக்கை அவரிடம் காட்டினார். பேச்சு விழும் எண்டு பார்த்தால், அவர் சைக்கிள் டைனமோ கதை சொல்லத் தொடங்கினார்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடை செய்த சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் முட்ட விட்டு, கையால் பெடலைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். டைனமோ எண்டால் 6 வோல்ற், 3 வாற். "நான் சுத்துற ஆள். ஐயா காதை வைச்சுக்கொண்டு இருப்பார். மெல்லச் சுத்தினா நியூஸ் நிண்டிடும். வேகமாச் சுத்தினா வோல்ற் ஏறி றேடியோ புகைஞ்சிடும். புகைஞ்சா வேற றேடியோ இல்லை. முழு அயலும் அந்த றேடியோவிலதான் நியூஸ் கேக்கிறது." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "3 வாற்றுக்கு நாங்கள் அவ்வளவு பயந்தனாங்கள்" எண்டார்.

அவர் பேசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். பதின்மூன்று வயதில் அவர் கையால் உணர்ந்து பிடித்த வேகத்தை, நாங்கள் ஒரு திருகியை முழுக்கத் திருகித் தொலைத்திருந்தோம். அண்டைக்குத்தான் பொய்யைச் சொன்னோம். கடையில் பூட்டவில்லை, நாங்களே பூட்டினது எண்டு. "தெரியும்," எண்டார். "கடைக்காரன் பூட்டினா ஸ்குறூவாவது நேராப் போயிருக்கும்."

*

ஐந்து மாதம் போன பிறகு அவரே கேட்டார். ஒரு பள்ளிக்கூட ஓயெல் பெடியளின் ஹயர் சப் இல்லாததால் கைவிட்டுப் போயிருந்தது. "திரும்பப் பூட்டுவமோ? இந்த முறை கணக்கைக் காட்டிப்போட்டுப் பூட்டுங்கோ."

கணக்கை அப்பியாசக் கொப்பியில் எழுதினோம். அம்ப் தப்பியிருந்ததால் அதுவே. எரிந்த சப்பை விட்டுவிட்டு, ஒரே 4 ஓம் சுருளும் 300 வாற் ஆர்.எம்.எஸ்ஸும் உள்ள 10 அங்குலச் சப் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். வாங்க முதல் காந்தத்தின் பின்னால் வாசித்தோம், மீற்றரும் வைத்தோம். கடைக்காரர் எங்களைப் பொலிஸ்காரரைப் போலப் பார்த்தார்.

வயர் 16 சதுர மில்லிமீற்றர் உண்மையான செம்பு, சுரண்டிப் பார்த்து வாங்கியது. பற்றரியில் இருந்து ஒரு அடியில் 50 அம்பியர் பியூஸ். தகட்டில் துளை வருகிற இடமெல்லாம் றப்பர் வளையம். சீற்றுக் காலுக்கு அடியால் போகாமல் ஓரத்தால் குழாய்க்குள் விட்டோம். ஏர்த் வயருக்கு வானின் தகட்டில் பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கினோம். நீளம் ஒன்றரை அடி. வாசல் பக்கத்தில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான்.

பிறகு கெயின். இதற்கு ஒரு மல்ரிமீற்றர் காணும். சப்பைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ற்றையும் செற்றின் ஈக்குவலைசரையும் பூச்சியத்தில் வைத்து, கெயினை அடியில் விட்டு, 50 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டோம். செற்றின் வொலியூம் முக்கால்வாசி. அம்பின் ஸ்பீக்கர் துளையில் மீற்றரை ஏசி வோல்ற்றில் பிடித்துக்கொண்டு, கெயினை மெல்ல மெல்லக் கூட்டினோம். கணக்குப்படி 34.6 வரைக்கும் போகலாம். ஆனால் சப் பூட்டாமல் அளக்கிறோம். பூட்டினால் வோல்ற் கொஞ்சம் இறங்கும், எல்லை முன்னமே வந்துவிடும். அதனால் 30இல் நிப்பாட்டினோம். 30 தர 30 வகுத்தல் 4, 225 வாற். பிறகு சப்பைப் பூட்டி, 80 ஹேர்ட்ஸுக்கு மேல் சப்புக்குப் போகாமல் வடிகட்டியைத் திருகினோம். கெயினுக்கு மேல் ஒரு துண்டு ரேப் ஒட்டினோம். அதை இனி ஒருவரும் தொடுவதில்லை எண்டு பேச்சு.

"300 இருக்க ஏன் 225?" எண்டு வான்காரன் முகத்தைச் சுளித்தான். இது எங்களுக்கும் புதினமாக இருந்த விசயம். வலுவை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலக் கேட்க ஏறக்குறையப் பத்து மடங்கு வலு வேண்டும். 225க்கும் 300க்கும் இடையில் ஒன்றேகால் டெசிபல். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எங்கட பழைய சோடியைத் தொடராகக் கொழுவி 8 ஓமில் 150 வாற்றோடு விட்டிருந்தாலும் 300ஐவிட 3 டெசிபல்தான் குறைவு. அந்த 3 டெசிபலுக்காகத்தான் வானை எரிக்கப் பார்த்தோம்.

கடைகளில் லைற் மங்குவதற்கு மருந்தெண்டு ஒரு ஃபரட் கொள்ளளவி விற்பார்கள். அதையும் கணக்குப் போட்டோம். 13.8 வோல்ற்றில் இருந்து 12.8க்கு இறங்கும்போது அதால் கொடுக்க முடிவது 13 ஜூல் அளவு. எங்கட அம்ப் முழு இழுவையில் இருந்தால் அது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்கும் காணாது. காசை மிச்சம் பிடித்தோம்.

காதுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 85 டெசிபல் எண்டால் எட்டு மணித்தியாலம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் எண்டு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்கிறது. 100 எண்டால் 15 நிமிசம். தாழ்ந்த பேஸ் ஒலியைக் காது குறைவாகத்தான் எடுக்கும், உண்மை. ஆனால் பேஸ் கேட்க வேண்டுமெண்டு நாங்கள் கூட்டும்போது எல்லாம் சேர்ந்துதான் கூடுகிறது. அந்த வானில் காலையில் ஏறுவது ஐந்து வயதுப் பிள்ளைகள். அங்கிளுக்காகச் செற்றுக்குப் பக்கத்தில் சப்பை முழுக்க நிப்பாட்ட ஒரு சுவிச்சும் வைத்தோம்.

*

பூட்டி முடித்த அண்டு அங்கிள் வந்து சாரதி சீற்றில் இருந்தார். எஞ்சினைத் தொடங்க முதல் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை ஓம்?"

"நாலு."

"அம்ப் தாங்குமோ?"

"ஓம்."

போன மாதம் திருகோணமலைக்குப் போனோம், விட்ட இடத்தில் இருந்து. முறிகண்டியில் வான் நின்றது. நாங்கள் தேங்காய் உடைக்கப் போக, அங்கிள் மட்டும் பின்னால் ஏறி, மற்றைத் தூக்கி, வயர் போகிற வழியெல்லாம் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். தழும்பு இருக்கிற அதே கை. கடைசியில் அம்பின் முதுகையும் தொட்டுப் பார்த்தார்.

"சூடில்லை," எண்டார். "எனக்கும் ஒரு சரை கச்சான் வாங்குங்கோ."